ஏழாம் அத்தியாயம்: வீட்டில் எப்படிச் சொல்வது?

போன அத்தியாயத்தின் முடிவில் மருத்துவரைப் பார்க்க ஒரு நாளைக் குறித்திருப்பீர்கள். குறித்த கையோடு அடுத்த கவலை வந்திருக்கும்: வீட்டில் என்னவென்று சொல்வது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காமலே குறித்த நாளைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. நானும் ஐந்து வாரம் தள்ளிப்போட்டவன்தான்.

அந்த ஐந்து வாரமும் மனதுக்குள் ஒத்திகை ஓடிக்கொண்டே இருந்தது. பேருந்தில் போகும்போது, குளிக்கும்போது, விடியக்காலையில் முழிப்பு வந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்போது. “அக்கா, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்” என்று தொடங்குவேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடும். சொல்லி முடித்தபிறகு அவள் என்ன செய்வாள்? அழுவாளா, உடனே அம்மாவுக்குப் போன் போடுவாளா, ‘உனக்கென்னடா குறை’ என்பாளா? அவள் என்ன செய்தால் எனக்கு நல்லது என்று நானே யோசித்திருக்கவில்லை. எனக்கே தெரியாததை அவள் எப்படித் தெரிந்துகொள்வாள் என்பது மட்டும் அப்போது உறைக்கவில்லை.

கடைசியில் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திண்டுக்கல்லில் அக்கா வீட்டுத் திண்ணையில். அக்கா பழைய பேப்பரை விரித்துப் போட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தேன். இரண்டு பேர் கண்ணும் கீரையில் இருந்தது.

“ரெண்டு மாசமா தூக்கமே இல்லக்கா. மூணு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துடுது. அப்புறம் விடியிற வரைக்கும் ஒரே பயம். சாப்பாடு மண்ணு மாதிரி இருக்கு. எதுலயும் பிடிப்பு இல்ல.”

அக்கா கையை நிறுத்தவில்லை. காம்பை ஒடிப்பதும் இலையை உருவுவதுமாகவே இருந்தாள்.

“டாக்டர்கிட்ட காட்டணும்னு நினைக்கிறேன். மனநல டாக்டர். புதன்கிழமை ஜி.எச்.ல பார்ப்பாங்களாம். தனியாப் போகப் பயமா இருக்கு. நீ கூட வர்றியா?”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “புதன்கிழமை எத்தனை மணிக்குடா?” என்றாள். அடுத்த கேள்வி, “மத்தியானம் சாப்பிட்டியா?”

இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவதெல்லாம் அந்தத் திண்ணையில் தற்செயலாக நடந்ததிலிருந்து கற்றுக்கொண்டதுதான். தூக்கமில்லை, பிடிப்பில்லை என்பதோடு நான் நிறுத்தியிருந்தால், அந்தத் துக்கத்தை என்ன செய்வதென்று அக்காவுக்குத் தெரிந்திருக்காது. ஆறுதல் சொல்லியிருப்பாள், அறிவுரை சொல்லியிருப்பாள், நான் போனபிறகு அழுதிருப்பாள். ‘கூட வர்றியா’ என்று கேட்டதும் அவள் கையில் ஒரு வேலை வந்துவிட்டது. நம் வீட்டு மனிதர்களுக்கு மனதைப் பற்றிப் பேசிப் பழக்கமில்லை. ஆனால் காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கஞ்சி வைக்கத் தெரியும். துக்க வீட்டில் யாரும் சொல்லாமலே அடுப்படிக்குள் போய்க் காப்பி போடத் தெரியும். அந்தப் பழக்கத்தைத்தான் நாம் துணைக்குக் கூப்பிட வேண்டும். நோயைச் சொல்லும் அதே மூச்சில் ஒரு சின்ன வேலையைக் கேளுங்கள்.

வேலை சின்னதாக இருக்கட்டும். நாள், நேரம் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். “புதன்கிழமை கூட வா.” “ஒரு மாசத்துக்கு ராத்திரி மாத்திரை போட்டேனான்னு ஒன்பது மணிக்கு ஒரு போன் பண்ணிக் கேளு.” “காலைல என்னை எழுப்பி, எழுந்து உட்காருற வரைக்கும் பக்கத்துல நில்லு.” “அடுத்த வாரம் வளைகாப்புக்கு நான் வரமாட்டேன், கேக்கிறவங்களுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடு.” இவையெல்லாம் யாராலும் முடியும். “என்னைப் புரிஞ்சுக்கோங்க” என்று கேட்டால் மட்டும் எதிரில் இருப்பவர் திகைத்துப்போவார். புரிந்துகொள்வது எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

முதல் ஆள் யார்?

பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, இருபதில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் மனச்சோர்வு நோய் வருகிறது என்று கண்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் இருபது இலை போட்டால் அதில் ஓர் இலைக்கு முன்னால் நம்மைப் போல ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் சொந்தத்திலேயே யாரோ ஒருவர் இதைத் தாண்டி வந்திருக்கக்கூடும். வெளியில் சொல்லியிருக்கமாட்டார், அவ்வளவுதான்.

முதலில் சொல்லும் ஆள் உங்களுக்கு மிக நெருங்கியவராக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. அம்மா நெருங்கியவர்தான். ஆனால் பிள்ளைக்கு ஒன்று என்றால் பதறிப்போகிற அம்மாவைத் தேற்றும் வேலையும் உங்கள் தலையில்தான் விழும். இந்த நோயில் அதற்குத் தெம்பு இருக்காது. அக்கா, அத்தை, சித்தப்பா, கல்லூரி நண்பர், பழைய ஆசிரியர் என்று கொஞ்சம் தள்ளி நிற்கிற ஒருவர் பல நேரங்களில் நல்ல முதல் ஆள். நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: அடுத்தவர் விஷயத்தை அவர் என்னிடம் எப்படிப் பேசுகிறார்? மற்றவர்கள் வீட்டுக் கதையை உங்களிடம் கொட்டுகிறவர் உங்கள் கதையையும் வேறு எங்காவது கொட்டத்தான் செய்வார்.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. அக்காவிடம் சொல்வதற்கு முன்பே, அலுவலகத்தில் இரண்டு வருடம் ஒன்றாக மதியச் சாப்பாடு சாப்பிட்ட ஒருவரிடம் சொன்னேன். திட்டமிட்டுச் சொன்னதில்லை. ஒரு நாள் இரவு வேலை முடிய நேரமாகி, அசந்துபோயிருந்தபோது வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் மிகவும் அன்பாகத்தான் கேட்டார். பத்து நாள் கழித்து மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “லீவு ஏதாவது வேணுமா? எல்லாரும் கவலைப்படுறாங்க” என்றார். அந்த ‘எல்லாரும்’ என்ற சொல் இன்னும் காதில் இருக்கிறது. அந்த நண்பர் கெட்டவர் இல்லை. ‘யாரிடமும் சொல்லாதே’ என்று நான் கேட்கவும் இல்லை. அக்கறையில்தான் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் அதற்குப் பிறகு ஐந்து வாரம் யாரிடமும் எனக்கு வாய் வரவில்லை.

அதனால் ஆழம் பார்த்துக் காலை வையுங்கள். நடிகை தீபிகா படுகோன் தனக்கு மனச்சோர்வு வந்ததையும், தன் அழுகையைப் பார்த்து அம்மாதான் முதலில் கண்டுகொண்டதையும் 2015-ல் வெளிப்படையாகப் பேசினார். அது போன்ற ஒரு செய்தியைப் பேச்சுவாக்கில் எடுத்துப் போடுங்கள். “பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பா” என்கிறாரா, “பணம் கூடிப்போனா இதெல்லாம் வரும்” என்கிறாரா? ஒரு வாக்கியத்தில் ஆள் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஒருவரிடம் சொன்னால் அது அவரோடு நிற்காது, கணவன் மனைவிக்குள் போய்விடும். அதைத் தடுக்கப் பார்ப்பதைவிட எல்லையைச் சொல்லிவிடுவது நல்லது. அக்கா அன்றைக்கே கேட்டாள், “மாமாகிட்ட மட்டும் சொல்லிக்கிறேன்டா. புதன்கிழமை அவர்தான் வண்டி எடுக்கணும்.” சரி என்றேன். “அம்மாவுக்கு நான் சொல்ற வரைக்கும் நீ சொல்லாத” என்றும் சொன்னேன். இரண்டையும் காப்பாற்றினாள். பேட்ரிக் காரிகன் என்ற அமெரிக்க உளவியலாளர், மனநோயை வெளியில் சொல்வதில் முற்றிலும் ஒதுங்கியிருப்பது முதல் ஊரறியச் சொல்வது வரை ஐந்து படிகள் இருப்பதாக எழுதியிருக்கிறார். நடுப்படி, தேர்ந்தெடுத்த சிலரிடம் மட்டும் சொல்வது. பெரும்பாலானவர்களுக்கு அந்த நடுப்படியே போதும். அங்கேயே வாழ்நாள் முழுக்க நிற்கலாம், அதில் எந்தக் குறையும் இல்லை.

எந்தச் சொல்லால் சொல்வது?

‘மன அழுத்தம்’ என்று சொன்னால் கேட்பவர் வேலைப்பளு என்று எடுத்துக்கொள்வார், “எனக்கும்தான் டென்ஷன்” என்பார். ‘மனச்சோர்வு’ என்பதே சரியான சொல், ஆனால் பேச்சில் அது கொஞ்சம் அசதி என்பது போல ஒலிக்கிறது. ‘டிப்ரஷன்’ இளையவர்களுக்குப் புரியும், பெரியவர்களுக்குப் புரியாது. ‘மனநோய்’ என்ற சொல்லோடு நம் ஊரில் பைத்தியம், மென்டல், கீழ்ப்பாக்கம் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. 1794-ல் தொடங்கி இன்றுவரை லட்சக்கணக்கானவர்களுக்கு வைத்தியம் பார்த்த ஒரு மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயரை நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். அங்கே வெளிநோயாளிகளாக வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்புகிறவர்களைப் பற்றி எந்தச் சினிமாவும் நமக்குக் காட்டவில்லை.

என் யோசனை, உடம்பிலிருந்து தொடங்குங்கள். தூக்கம், பசி, அசதி, நெஞ்சுப் படபடப்பு, காரணமில்லாத உடம்பு வலி. இதில் பொய் ஒன்றும் இல்லை, இந்த நோய் பலருக்கு உண்மையிலேயே உடம்பில்தான் முதலில் உட்காருகிறது. விடியக்காலையில் தூக்கம் கலைவதும், காலையில் மோசமாக இருந்து சாயங்காலம் கொஞ்சம் தெளிவதும் மருத்துவர்கள் குறிப்பாகக் கேட்டுப் பார்க்கிற அடையாளங்கள். எத்தனை நாளாக இப்படி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக எல்லா நாளும் இப்படி இருந்தால்தான் மருத்துவர்கள் இதை நோயென்று கணக்கில் எடுக்கிறார்கள். “ரெண்டு மாசமா” என்ற ஒரு சொல், ‘நேத்து ஏதாவது சண்டையா?’ என்ற கேள்வியைத் தடுத்துவிடும். நோயின் பெயரைக் கடைசியில் சொல்லலாம், மருத்துவர் சொன்னபிறகும் சொல்லலாம்.

‘சுகர் மாதிரி இதுவும் ஒரு வியாதி’ என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மாத்திரைக்குப் பயப்படுகிற பெரியவர்களிடம் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. சுகருக்கு ஆயுசுக்கும் மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியும், இதையும் அப்படியே நினைத்துப் பயந்துபோவார்கள். எனக்குத் தைராய்டைச் சொல்வது எளிதாக இருந்தது. தைராய்டு குறைந்தாலே மனம் சோர்ந்துபோகும் என்பதால், முதல் நாளே அதற்கு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிறகு அம்மாவிடம் சொன்னபோது, “ரத்தம் டெஸ்ட் எடுத்துப் பார்த்தாங்க” என்றதும் அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி. டெஸ்ட் இருந்தால் அது வியாதி.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். காலையில் சொல்லாதீர்கள், அது உங்களுக்கே மோசமான நேரம். சண்டைக்கு நடுவில் சொல்லவே கூடாது, சாக்கு சொல்வதாகத்தான் அது கேட்கும், அடுத்த சண்டையில் உங்கள் மேலேயே திரும்பி வரும். குடித்துவிட்டுச் சொன்னது சொன்னதாகாது. கையில் வேலை இருக்கும் நேரம், பூ கட்டும்போது, துணி மடிக்கும்போது, கடைக்கு நடந்து போகும்போது என்று முகத்துக்கு முகம் பார்க்கவேண்டாத நேரம் நல்லது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பவரிடம் போனில்தான் சொல்லியாகவேண்டும், அதில் தவறில்லை. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு மட்டும் வேண்டாம். அது அப்படியே குடும்பக் குழுவுக்குப் போய்ச் சேர ஒரு விரல் போதும்.

என்ன பதில் வரும்?

அம்மாவிடம் சொன்னபோது மாத்திரை தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. அம்மா கேட்டது நான் பயந்த அதே கேள்வி: “உனக்கென்னடா குறை? நல்ல வேலை, நல்ல சம்பளம். ஒருவேளைச் சோத்துக்கு இல்லாதவன்லாம் சிரிச்சுக்கிட்டுத் திரியலையா?”

இந்தக் கேள்விக்கு வாதாடாதீர்கள். குறை இருந்தால்தான் இந்த நோய் வரும் என்று நம்புகிறவரிடம் குறைகளைப் பட்டியல் போட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் வரும். “குறை ஒண்ணும் இல்லம்மா. அதனாலதான் டாக்டர்கிட்ட போனேன்” என்றேன். அம்மாவிடம் அதற்குப் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “நான் உன்னைச் சரியா வளர்க்கலையோ?” என்றார். அந்தக் கோபத்துக்கு அடியில் கிடந்தது அந்தக் குற்ற உணர்ச்சிதான். கோபமாக வரும் பதில்களில் பாதிக்கு அடியில் இதுதான் இருக்கிறது. அதைச் சொல்லும் வரை காத்திருந்தால் பேச்சு வேறு பாதைக்குப் போகும்.

அடுத்து வந்தது குலதெய்வம். யாரோ கண் வைத்துவிட்டார்கள், கோயிலுக்குப் போய் வரவேண்டும். வேறு வீடுகளில் இது குணசீலமாக இருக்கும், தர்காவாக இருக்கும், ஜெபக்கூட்டமாக இருக்கும். என் கருத்தை அழுத்தமாகவே சொல்கிறேன்: இதில் சண்டை போட்டுத் தெம்பை வீணாக்க வேண்டாம். கோயிலுக்குப் போங்கள். அம்மா கையால் பூசும் விபூதி உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாது. ஒரே ஒரு கோடு மட்டும் கிழியுங்கள்: மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, கட்டி வைக்கவோ அடிக்கவோ சொன்னாலோ, அந்த இடத்துக்குப் போகக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநல விடுதி தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட முடியாமல் 28 பேர் கருகினார்கள். அவர்களையும் வீட்டார்தான் நம்பிக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள்.

“மாத்திரை பழகிடும்” என்பார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகள் போதைப் பழக்கத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு வரலாம், அதனால் மருத்துவர் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டியது இன்னொன்று: பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முதல் சில நாள் குமட்டலும் தலைவலியும் இருக்கலாம். இதைச் சொல்லாமல் விட்டால் ஐந்தாம் நாளே, “போட்டு என்ன பிரயோஜனம், தூக்கிப் போடு” என்பார்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். இதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

“கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்” என்பதற்கு மட்டும் உறுதியாக மறுப்புச் சொல்லுங்கள். அதில் இன்னொரு உயிரும் சேர்ந்திருக்கிறது.

பதிலே வராமலும் போகலாம். அப்பாக்கள் பெரும்பாலும் இப்படித்தான். என் நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து நாலு கொய்யாப்பழத்தோடு வந்தார், ஒன்றும் பேசவில்லை. அந்தக் கொய்யாப்பழத்தைப் பதிலாக எடுத்துக்கொள்ளத் தெரியவேண்டும்.

ஆள் பார்க்காமல் சொல்லவேண்டிய ஒன்று

செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்றோ, எப்படிச் சாவது என்றோ எண்ணம் ஓடினால், இதுவரை சொன்ன ஆழம் பார்ப்பது, நேரம் பார்ப்பது எதுவும் செல்லாது. அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். “எனக்குச் சாகணும்னு தோணுது, என்னைத் தனியா விடாதீங்க” என்று நேராகவே சொல்லுங்கள். “எனக்கு ஒரு மாதிரியா இருக்கு” என்று சுற்றி வளைத்தால் கேட்பவருக்கு அதன் கனம் தெரியாது. பக்கத்தில் யாரும் இல்லையென்றால் 14416. அது 2022 அக்டோபர் 10 முதல் நடக்கும் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104-லும் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050.

கேட்பவர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார் என்றால் அவருக்கு: “சாகணும்னு தோணுதா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. உங்களுக்கான வேலையும் உண்டு. பூச்சிமருந்து டப்பாவை வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள், மாத்திரை அட்டைகளை உங்கள் பொறுப்பில் வைத்துத் தினம் எடுத்துக் கொடுங்கள், அன்றிரவு அதே அறையில் படுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மருத்துவரிடம் மறைக்கவேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ம் பிரிவு. அதைக் குற்றமாக வைத்திருந்த பழைய 309-ம் பிரிவும் 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை.

புகுந்த வீட்டில் இருக்கும் பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். அங்கே மாமியாரிடமோ நாத்தனாரிடமோ முதலில் சொல்லும் தைரியம் எல்லாருக்கும் வராது, வரவேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். பிள்ளை பெற்ற பிறகு வரும் மனச்சோர்வில், “பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு அழலாமா” என்று வாயை அடைத்துவிடுவார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போடவும் எடை பார்க்கவும் வருகிற கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து போகிற அரசாங்க மனுஷி அவர், அவர் வந்துபோவதை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அவர் “டாக்டரைப் பாக்கணும்” என்று சொன்னால் வீட்டில் எடுபடும்.

அலுவலகம், காப்பீடு, கல்யாணம்

அலுவலகத்தில் நோயின் பெயரைச் சொல்லியே தீரவேண்டும் என்ற நிர்பந்தம் பொதுவாக இல்லை. தேவையை மட்டும் சொல்லலாம். “சிகிச்சையில் இருக்கிறேன், இரண்டு மாதத்துக்குப் பத்தரைக்கு வந்து ஏழரைக்குப் போகிறேன்” என்றால் பெரும்பாலான மேலாளர்களுக்குப் போதும். காலை மோசமான நேரம் என்பதால் இந்த ஒரு சலுகையே பெரிய உதவி. உங்கள் விவரத்தை மருத்துவரும் மருத்துவமனையும் ரகசியமாக வைத்திருக்கவேண்டும் என்பது அதே 2017 சட்டத்தின் 23-ம் பிரிவு. அந்தப் பிரிவு மருத்துவம் பார்ப்பவர்களைத்தான் கட்டுப்படுத்தும். நீங்களாகப் பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னதை எந்தச் சட்டமும் திருப்பி வாங்கித் தராது.

காப்பீட்டுப் படிவத்தில் மட்டும் மறைக்காதீர்கள். மற்ற நோய்களுக்குப் போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் படிவம் கேட்டதை மறைத்தால், பின்னால் வேறு நோய்க்குக் கேட்கும் பணத்துக்கும் அதைச் சொல்லியே தட்டிக்கழிப்பார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் சொல்லவேண்டுமா என்று கேட்காதவர்கள் இல்லை. சொல்லவேண்டும். தரகரிடமோ பெரியவர்கள் கூடிய சபையிலோ வேண்டாம், கட்டிக்கப்போகிறவரிடம் நேராக, பேசிப் பழகிய பிறகு, நிச்சயத்துக்கு முன்னால். இரண்டு வரன்கள் எனக்கு அப்படிப் போயின. அன்றைக்கு வலித்தது. மூன்றாவதாக வந்த பெண் ஒரு காப்பிக் கடையில் வைத்து நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, “மறுபடி வந்தா எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு அக்காவுக்குப் போன் போட்டேன்.

ஒருமுறை மனச்சோர்வு வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது மறுபடியும் வருகிறது. வரும்போது நமக்குக் கடைசியாகத்தான் தெரியும். முதலில் பார்ப்பது கூட இருப்பவர்கள். அதனால் தேறிய பிறகு, நீங்கள் யாரிடமெல்லாம் சொன்னீர்களோ அவர்களிடம் திரும்பப் போய், “அப்போ என்கிட்ட முதல்ல எதைப் பார்த்தே?” என்று கேளுங்கள். வெட்கமாக இருக்கும். கேளுங்கள்.

“போன் பேசும்போது ‘சரி வைக்கவா’ன்னு நீயே முதல்ல சொல்ல ஆரம்பிச்ச. அதுக்கு முன்னாடி வைக்கவே விடமாட்ட” என்றாள் அக்கா. அது நான் தூக்கமில்லை என்று உணர்வதற்கும் ஒரு மாதம் முந்தைய கதை. அம்மாவிடம் கேட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. “பொங்கலுக்கு வந்தப்போ ரசத்துல உப்பு போட மறந்துட்டேன். நீ ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டுட்டுப் போயிட்ட. அப்பவே எனக்குச் சுருக்குன்னுது.”

இரண்டையும் ஒரு தாளில் எழுதி அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். இப்போது அது எங்கள் வீட்டு பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. கீழே அவள் கையெழுத்தில் மூன்றாவது வரி ஒன்று சேர்ந்திருக்கிறது: செருப்பை வாசலில் ஜோடி சேர்க்காமல் விடுவது.